தும்பறைப் பள்ளத்தாக்கில் கணினியின் வெப்பம்

கண்டி நகரிலிருந்து மகியங்கனை செல்லும் வீதியில் குண்டசாலையையும் பல்லேகலையையும் கடந்தபின் வரும் திகன, மகாவலி கங்கை மலைநாட்டை விட்டு இறங்கும் வழியிலுள்ள தும்பறைப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஊராகும். கண்டியைக் காட்டிலும் தாழ்ந்த இப்பள்ளத்தாக்கில் மழை குறைவு, வெயில் கடுமை. கொக்கோவும் புகையிலையும் இங்கே பயிரானமைக்கு அந்தச் சூடும் ஒரு காரணம். இத்தகைய ஊரில் மேசைக் கணினியொன்று தான் வைக்கப்பட்ட அறையில் எவ்வளவு வெப்பத்தைச் சேர்க்கிறது, அதைக் குறைக்கும் வழி யாது என்னும் வினாவுக்கு விடை தேடுவோர், கணினியின் வரலாற்றோடு அறையின் வரலாற்றையும் படிக்க வேண்டியவராகின்றனர். ஏனெனில் வெப்பத்தை வெளியே அனுப்பும் கட்டட முறையொன்று இங்கே நெடுங்காலம் நிலவியது. கணினி வந்து சேர்ந்தபோதோ அம்முறை பெரும்பாலும் கைவிடப்பட்டிருந்தது.

பழைய தும்பறைக் கிராம வீடு வரிச்சு கட்டி மண் அப்பிய சுவரையும் வைக்கோலாலோ இலுக்குப் புல்லாலோ வேய்ந்த கூரையையும் உடையது. வசதி படைத்தோரின் வீடுகளில் தடித்த சுவரும் தட்டை ஓடும் நடுமுற்றமும் இருந்தன. மண்சுவர் பகல் வெப்பத்தை மெதுவாக உள்வாங்கி இரவில் விடும். நடுமுற்றம் சூடேறிய காற்று மேலெழுந்து வெளியேற வழிவிடும். தாழ்வாரம் வெயில் சுவரில் படாமல் தடுக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்ட தொழிலாளருக்கு இந்த நலன்களில் ஒன்றும் கிடைக்கவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவுள்ள லயக் காம்பரா, அதாவது தோட்ட வரிசைக் குடியிருப்பின் ஓரறை, தகரக் கூரையின்கீழ், போதிய யன்னலின்றி, பின்காம்பராவோடு முதுகொட்டி நின்றது. அடுப்பின் சூடும் புகையும் மனிதரின் உடற்சூடும் வெளியேற வாசலையே நம்பியிருந்த அந்த அறை, வெப்பத்தைப் பற்றிச் சிந்திக்காமல் கட்டினால் என்ன நேரும் என்பதற்கு மலையகம் தரும் மிகக் கசப்பான சான்றாகும்.

இதற்கு நேர்மாறான சிந்தனையை இருபதாம் நூற்றாண்டில் முன்வைத்தவர் கண்டியில் பிறந்த கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா (1918-1998). பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தில் 1948இல் இணை உறுப்பினரான இவரே அத்தகுதியைப் பெற்ற முதல் ஆசியப் பெண். கொங்கிறீற்றையும் கண்ணாடியையும் ஏற்றுக்கொண்ட இவர், முற்றத்தையும் தாழ்வாரத்தையும் விட்டுவிடவில்லை. கண்டியில் இவர் அமைத்த கருணாரத்ன இல்லமும், 1950களில் அரச ஊழியருக்கென இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளுடன் உருவான வட்டப்புலுவ வீடமைப்புத் திட்டமும், நவீன வீடு மூடிய பெட்டியாக இருக்க வேண்டியதில்லை என்பதை நிறுவின. அவர் காட்டிய வழியைப் பிற்காலத்து வீடு கட்டுவோர் பலர் பின்பற்றாதது பெரும் இழப்பு. மலிவான அஸ்பெஸ்டஸ் தகடும் மெல்லிய சீமெந்துக் கல்லும் சிறிய யன்னலும் பள்ளத்தாக்கெங்கும் பரவின.

திகன இன்றைய உருவைப் பெற்றது விக்டோரியா அணையினால். துரித மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின்கீழ் பிரித்தானிய உதவியுடன் எழுந்த இவ்வணை 122 மீட்டர் உயரமான வளைவணை, அதாவது நீரின் அழுத்தத்தைத் தன் வளைவினாலே இருபுறப் பாறைகளுக்கும் கடத்தும் அமைப்பு. அணை வேலைக்கு வந்த வெளிநாட்டுப் பொறியியலாளரின் குடியிருப்பு திகனயில் அமைந்தது. 1985 ஏப்ரலில் அணை திறக்கப்பட்டபோது பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் மறைந்திருந்தது. அணைநீர் ஆறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த சுரங்கத்தின் வழியே ஏறக்குறைய 190 மீட்டர் இறங்கி, தலா 70 மெகாவாற்று வலுவுள்ள மூன்று சுழலிகளை இயக்குகிறது. அந்த வீழ்ச்சியைக் கணக்கிட்டால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு, அதாவது ஒரு கிலோவாற்று மணிக்கு, ஏறத்தாழ 2 கனமீட்டர் நீர் செலவாகும். 200 வாற்று பெறும் கணினி ஐந்து மணி நேரத்தில் ஒரு யூனிட்டை முடித்துவிடும்.

அந்த மின்சாரம் கணினிக்குள் என்னவாகிறது என்பதே இங்கு மையமான செய்தி. கடத்தியொன்றில் ஓடும் மின்னோட்டம் தடையினால் வெப்பமாக மாறும் விதியை ஜேம்ஸ் பிரெஸ்கொட் ஜூல் 1840களின் தொடக்கத்தில் வகுத்தார். கணினி பாரம் தூக்குவதில்லை, நீர் இறைப்பதில்லை. அது பெறும் மின்சக்தி ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகி அறைக்குள்ளேயே தங்குகிறது. 200 வாற்றுக் கணினி, சும்மா அமர்ந்திருக்கும் இருவரின் உடற்சூட்டுக்கு ஈடான வெப்பத்தைத் தருகிறது. பெட்டிக்குள் விசிறிகளைக் கூட்டுவதும் தூசியை அகற்றுவதும் சில்லைக் குளிர்விக்கும், இயந்திரத்தின் ஆயுளுக்கும் நல்லது. ஆயினும் அவை அறையின் வெப்பச் சுமையைக் குறைப்பதில்லை. இவ்வேறுபாடு தெளிவாக விளங்காமையால் வீணான செலவு மிகுதி.

மூடிய அறையில்தான் கணினி இருக்க வேண்டும் என்னும் வழக்கம் பெருங்கணினிக் காலத்தின் எச்சம். 1945இல் அமெரிக்காவில் நிறைவுற்ற எனியாக் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களோடு 150 கிலோவாற்று அளவிலான மின்சாரத்தை உண்டது. பின்வந்த பெருங்கணினிகளின் துளையட்டைகள் ஈரத்தில் பருத்தன, காந்த நாடாக்கள் தூசியால் பழுதடைந்தன. எனவே உயர்த்திய தளமும் இடையறாக் குளிரூட்டலும் கட்டாயமாயின. இலங்கைக்கு 1960களின் பிற்பகுதியில் கணினி வந்தபோது இவ்வொழுங்கும் உடன்வந்தது. பேராதனையில் கட்டடக் கலைஞர் ஷேர்லி டி அல்விஸ் திறந்த நடைகூடங்களோடு அமைத்த பல்கலைக்கழகக் கட்டடங்கள் காற்றோட்டத்துக்கு எடுத்துக்காட்டானவை. கணினி அறை என்னும் புதிய இடமோ கதவடைத்த குளிரறையாகவே எங்கும் எண்ணப்பட்டது. 1983இல் வகுக்கப்பட்ட தேசிய கணினிக் கொள்கைக்குப் பின் மேசைக் கணினி பரவியது. 2005ஐ ஒட்டித் தொடங்கிய நெனசல என்னும் பொதுக் கணினி நிலையங்கள் அதைக் கிராமத்து விகாரை மண்டபங்களுக்கும் கொண்டுசென்றன. யன்னலைச் சாத்தித் திரையிடுவதும், செருப்பை வாசலில் கழற்றுவதும் பாடசாலைக் கணினிக் கூடங்களின் ஒழுக்கமாயின. அட்டையும் நாடாவும் ஒழிந்தபின்னும் அவற்றுக்கென எழுந்த மூடல் நீடித்தது. குளிரூட்டி வாங்க இயலாத இடங்களிலோ மூடல் மட்டும் மிஞ்சியது.

அதன் விளைவை ஒரு கணக்குக் காட்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடித் தரையும் பத்தடி உயரமும் உள்ள அறையில் ஏறக்குறைய 34 கனமீட்டர் காற்று இருக்கும். அக்காற்றை முற்றாக அடைத்து, சுவர் எதையும் உள்வாங்காதெனக் கொண்டால், 200 வாற்று ஒரு மணி நேரத்தில் அதன் வெப்பநிலையை 18 பாகை செல்சியசு அளவில் உயர்த்தும். உண்மையில் சுவரும் தரையும் பெரும்பங்கை ஏற்றுக்கொள்வதால் உயர்வு மிகக் குறைவு. மண்சுவர் அதிகம் ஏற்கும், மெல்லிய சுவர் விரைவில் நிறைந்துவிடும். வெளிக்காற்றை விட இரண்டு பாகைக்கு மேல் அறை சூடேறாதிருக்க, அதன் காற்று மணிக்கு ஒன்பது முறையேனும் மாற வேண்டும். எதிரெதிரான இரு யன்னல்கள் திறந்திருந்தால் இளங்காற்றே இதைச் செய்துவிடும்; மூடிய அறையில் எவ்விசிறியும் செய்யாது.

இயந்திரத்தின் சூடோ காலந்தோறும் ஏறி இறங்கியது. 1981இல் வெளிவந்த ஐபிஎம் தனியாள் கணினியின் மின்வழங்கி 63.5 வாற்றே தரவல்லது. அக்காலத்து அறையைச் சூடாக்கியதில் கதோட்டுக் கதிர்க் குழாய்த் திரைக்கும் பெரும்பங்கு உண்டு. 1993இன் பென்டியம் சில்லோடு சிறு விசிறி வழமையாயிற்று. 2004இல் பென்டியம் 4 வகைச் சில்லுகள் தனித்தே 100 வாற்றைத் தாண்டின. இவ்வழி முட்டுச்சந்து என்றுணர்ந்த இன்டெல், 2006இல் கோர் 2 வரிசையில் 65 வாற்றளவுக்கு இறங்கியது. மின்வழங்கிகளும் அதுவரை பெற்ற மின்சாரத்தில் மூன்றிலொரு பங்கு வரை வெப்பமாக வீணாக்கின. 2004இல் தோன்றிய 80 பிளஸ் தரச்சான்று ஐந்திலொரு பங்குக்கு மேல் இழக்காத மின்வழங்கிகளை ஊக்குவித்தது. தட்டைத் திரை கதோட்டுத் திரையின் வெப்பத்தை மூன்றிலொன்றாக்கியது. வரைகலை அட்டைகளோ இப்போது எதிர்த்திசையில் செல்கின்றன. 2022இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 தனியே 450 வாற்று பெறக்கூடியது.

குளிரூட்டி இதற்கு முதல் மருந்தாகாது. மூன்று யூனிட் வெப்பத்தை வெளியேற்ற அதற்கு ஏறத்தாழ ஒரு யூனிட் வேண்டும். கணினியின் செலவு அப்படியே இருக்க, அதன்மேல் மற்றொரு செலவு ஏறும். வரட்சியினால் நாடு மின்வெட்டில் தவித்த 1996ஆம் ஆண்டையும், எரிபொருளின்றி ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின் தடைப்பட்ட 2022 மார்ச் மாத இறுதியையும் அனுபவித்த திகன மக்களுக்கு இதன் பாரம் தெரியும். சில்லின் வலுவுக்கு அதன் அமைப்பிலேயே உச்சவரம்பு இடுதல் இதைவிட மேலான வழி. சில்லின் வலு மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு மாறுவதால், அழுத்தத்தைப் பத்து விழுக்காடு குறைத்தால் வேகம் மாறாமலே வெப்பம் ஐந்திலொரு பங்கு அளவில் குறையும். வேலையில்லாத வேளையில் உறங்குநிலைக்குச் செல்லுமாறு கணினியை அமைத்தலும், எழுத்து வேலைக்குப் பெரிய வரைகலை அட்டையைத் தவிர்த்தலும், பெட்டியின் பின்புறத்தை யன்னலை நோக்கித் திருப்பி இரு யன்னல்களையும் திறந்துவைத்தலும் செலவில்லாதவை. இவற்றைச் செய்து பார்த்த பின்னரே குளிரூட்டியை எண்ண வேண்டும். இவ்வழிகளால் ஒரு கணினி 60 வாற்று குறைவாகப் பெற்றாலும், எட்டு மணி நேர வேலையில் அறைக்கு வரும் வெப்பம் அரை யூனிட் அளவில் குறையும்; விக்டோரியாவின் கணக்கில் அது 1,000 லீற்றர் நீர்.