திருட்டு எச்சரிக்கைமணி

திருட்டு எச்சரிக்கைமணி என்பது கட்டடத்தினுள் எவரேனும் அத்துமீறி நுழைவதை உணர்ந்து ஒலியெழுப்பும் மின் அமைப்பு ஆகும். உணரிகள், கட்டுப்பாட்டுப் பெட்டி, சைரன், காப்பு மின்கலம் ஆகியன இதன் உறுப்புகள்.

அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலத்தைச் சேர்ந்த அகசுடசு ரசல் போப் 1853இல் மின்காந்த எச்சரிக்கைமணிக்குக் காப்புரிமம் பெற்றார். அதில் கதவைத் திறந்தால் மின்சுற்று மூடி மணி ஒலிக்கும். கம்பியை முன்கூட்டியே அறுத்துவிட்டால் மணி ஒலிக்காது என்பது இவ்வகைச் சுற்றின் குறை.

இன்றைய கம்பிவழி அமைப்புகளில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறான மூடிய சுற்றே பயன்படுகிறது. கதவில் ஒரு காந்தமும், நிலையில் ரீட் ஆளியும் பொருத்தப்படும். ஆளியின் கண்ணாடிக் குழலுள் இருக்கும் 2 மெல்லிய நிக்கல்-இரும்புத் தகடுகள், காந்தம் அருகில் உள்ளவரை ஒன்றையொன்று தொட்டு மின்னோட்டத்தைக் கடத்தும். காந்தம் விலகினால் பிரியும். மின்னோட்டம் நிற்பதையே பெட்டி அத்துமீறலாகக் கொள்கிறது. ஆகவே கதவைத் திறப்பதும் கம்பியை அறுப்பதும் அதற்கு ஒன்றே.

எனினும், இரு கம்பிகளையும் இடையில் குறுக்கே இணைத்து இதை ஏமாற்ற இயலும். இதைத் தடுக்கச் சுற்றின் கடைக்கோடியில், ஆளியை ஒட்டி, ஒரு மின்தடையம் வைக்கப்படுகிறது. பெட்டி மின்தடையை அளந்தவாறே இருக்கும். அது சுழியமானாலும் எச்சரிக்கும். வேலை எளிது எனக் கருதி மின்தடையத்தைப் பெட்டிக்குள்ளேயே பொருத்திவிடுவோரும் உளர். அவ்வாறு செய்தால் வெளியே நிகழும் குறுக்கிணைப்பு பெட்டிக்குத் தெரியாது.