தோள் இறுகும் நோயும் அதன் வைத்திய வரலாறும்

பினாங்கில் ஒருவருக்குத் தோள் பிடித்துக்கொண்டால் வைத்தியத்திற்குப் பஞ்சமில்லை. ஜார்ஜ் டவுனின் குட்டி இந்தியாவில் நாட்டு மருந்துக் கடைகள் உள்ளன. சில தெருக்கள் தள்ளிச் சென்றால் சீன மருந்துக் கடைகள். மலாய்க்காரர்களின் ‘ஊருட்’ என்னும் பிடித்துவிடும் முறை ஒருபுறம், இத்தீவுக்கே பெயர் தேடித் தந்த ஜாதிக்காய்த் தைலம் மறுபுறம். அரசாங்கத்தின் பெரிய ஆஸ்பத்திரியும் இருக்கிறது. சுமத்திராவிலிருந்து விமானமேறி நோயாளிகள் வந்து சேரும் தனியார் மருத்துவமனைகளும் இருக்கின்றன. ஆயினும், தோள் இறுகி ஓராண்டாகியும் சட்டை மாட்ட முடியாமல் தவிக்கும் ஒருவருக்கு இந்த வளமே ஒரு தொல்லையாகிவிடுகிறது. ஊசி போடு என்கிறார் ஒருவர். மயக்கம் கொடுத்துத் திருப்ப வேண்டும் என்கிறார் மற்றொருவர். கத்தி வைத்தால்தான் தீரும் என்கிறார் இன்னொருவர். சும்மா விட்டால் தானே போய்விடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இவர்கள் நால்வர் சொல்வதிலும் ஓரளவு உண்மை உண்டு. அஃது எவ்வாறு என்பதை இந்நோயின் வரலாறு காட்டும்.

முதலில் நோயின் இயல்பு. தோள் மூட்டைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று உண்டு. அது தளர்ந்து தொங்குவதால்தான் உடலின் வேறெந்த மூட்டைக் காட்டிலும் தோள் தாராளமாகச் சுழல்கிறது. இந்த உறை அழற்சியுற்றுத் தடித்துச் சுருங்கிவிடுவதே நோய். தொடக்கத்தில் வலி மிகுதி. இரவில் அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியாது. பின்னர் வலி சற்றுத் தணியும். ஆனால் கை உயராது, பின்புறம் போகாது. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு முன்கையை வெளிப்புறமாகத் திருப்பச் சொன்னால் திரும்பாது. வைத்தியர் தம் கையால் பிடித்துத் திருப்பினாலும் திரும்பாது. தசைநார் கிழிந்தவரின் கையை மற்றவர் தூக்கினால் பெரும்பாலும் உயரும். இங்கே அதுவும் நடவாது. ஊடுகதிர்ப் படத்தில் எலும்பு பழுதின்றித் தெரியும். நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதினரையே, அவர்களிலும் பெண்களைச் சற்று மிகுதியாக, இந்நோய் பற்றுகிறது. பால்மரம் சீவிய கை என்பதால் வந்தது என்று தோட்டப்புறங்களில் சொல்வதுண்டு. கடும் உழைப்பே காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அதிகம் வேலை செய்யாத கையையும் இந்நோய் விடுவதில்லை.

பழைய வைத்தியர்கள் இதனை அறியாதவர் அல்லர். சுசுருதர் வாத நோய்களைக் கூறுமிடத்தில், தோளில் தங்கிய வாதம் அங்குள்ள கட்டுகளை உலர்த்திச் சுருக்கிவிடுவதாக ஒரு நோயைச் சொல்லி, அதற்கு அவபாகுகம் என்று பெயரிட்டார். உறை சுருங்குவது என்ற இன்றைய கண்டுபிடிப்புக்கு எவ்வளவு அருகில் வந்துவிட்டார் என்பது எண்ணத்தக்கது. சித்த மருத்துவத்தில் யூகிமுனிவர் வாத நோய்களை எண்பதாக வகுத்தார். அவற்றுள் கும்பவாதம் என்பதைத்தான் இக்காலச் சித்த மருத்துவர்கள் இந்நோயோடு ஒப்பிடுகின்றனர். ஆனால், அதற்குச் சொல்லப்பட்ட குறிகளுள் கன்னம், கண் முதலியவற்றின் எரிச்சலும் வருகிறபடியால் இரண்டும் முற்றிலும் ஒன்று எனத் துணிதல் கூடாது. தைலம் பூசித் தொக்கணம் செய்தல், ஒற்றடம், பற்று, வர்மம் ஆகியவை அவர்கள் கைக்கொள்ளும் முறைகள். சீனரும் ஜப்பானியரும் இதற்கு இட்ட பெயர்தான் எல்லாவற்றிலும் எளியது: ‘ஐம்பது வயதுத் தோள்’. காரணத்தைப் பற்றி எதுவும் பேசாமல், யாருக்கு வரும் என்பதை மட்டும் சொல்லிவிடும் பெயர் அது.

மேனாட்டு மருத்துவத்தில் இந்நோய் தனி இடம் பெற்றது 1872-ம் ஆண்டில். பாரிஸ் நகரத்து அறுவை மருத்துவர் சிமோன் டியூப்ளே, மூட்டுக்குள் பழுதில்லாமலே அதனைச் சுற்றியுள்ள பகுதி அழற்சியுற்றுத் தோள் இறுகலாம் என எழுதினார். நோயாளியை மயக்கி, ஒட்டியிருப்பதைக் கைவலியால் பிரித்துவிடுவதே அவர் பரிந்துரைத்த சிகிச்சை. ஆக, இன்று நவீனமென நினைக்கப்படும் ‘மயக்கத்தில் திருப்புதல்’ ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுப் பழமையுடையது.

‘உறைந்த தோள்’ என்ற பெயரை வழங்கியவர் அமெரிக்காவில் பாஸ்டன் நகரைச் சேர்ந்த எர்னஸ்ட் ஏமரி காட்மன். தோளைப் பற்றி 1934-ல் அவர் வெளியிட்ட பெருநூலில் இப்பெயர் வருகிறது. இந்நோயை வரையறுப்பதும் கடினம், குணப்படுத்துவதும் கடினம், இது ஏன் வருகிறது என விளக்குவதும் கடினம் என அவர் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். இந்த நேர்மை அவருக்குப் புதிதன்று. அவர் வாழ்க்கையே அதனால்தான் சிதைந்தது. மருத்துவமனை ஒவ்வொன்றும் தான் சிகிச்சை செய்த ஒவ்வொரு நோயாளியையும் ஓராண்டேனும் பின்தொடர்ந்து, பலன் கிடைத்ததா, கிடைக்காவிடில் யார் பிழை என்று ஏட்டில் பதிந்து வெளியிட வேண்டும் என்று அவர் வாதாடினார். புகழ்பெற்ற மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை இதற்கு இணங்கவில்லை; 1914-ல் அவர் அங்கிருந்து விலகினார். தாமே நடத்திய சிறு மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை 337 நோயாளிகளைக் கவனித்து அனுப்பினார். அவர்கள் சிகிச்சையில் நேர்ந்த 123 பிழைகளை அச்சிட்டு ஊரறியச் செய்தார். இப்படிச் செய்யும் மருத்துவரிடம் நோயாளி வருவாரா? சக மருத்துவர்கள்தாம் அவரிடம் நோயாளியை அனுப்புவார்களா? 1940-ல் அவர் காலமானபோது கல்லறைக்கு ஒரு கல்லும் இல்லை. 2014-ல்தான் அன்பர்கள் நட்டனர். உறைந்த தோளுக்கு எந்த வைத்தியம் மேலானது என்ற கேள்விக்கு இன்று ஏதேனும் விடை உண்டென்றால், அது காட்மன் வற்புறுத்திய அந்தக் கணக்கேட்டிலிருந்து பிறந்ததே.

வாஷிங்டனில் ஜூலியஸ் நெவியாசர் 1945-ல் உறையே தடித்துச் சுருங்குகிறது என்பதை அறுவையில் நேரே கண்டு எழுதினார். 1948-ல் மேயோ மருத்துவமனையில் கார்ட்டிசோன் முதன்முதலாக ஒரு வாத நோயாளிக்குக் கொடுக்கப்பட்டது. 1950-ல் அக்கண்டுபிடிப்பு நோபல் பரிசு பெற்றது. அடுத்த ஆண்டே பிலடெல்பியாவின் ஹாலண்டர் அதன் இனமான மருந்தை மூட்டுக்குள்ளேயே ஊசியால் செலுத்தினார். உப்பு நீரைச் செலுத்தி உறையை விரிக்கும் முறையைச் சுவீடன் நாட்டார் இருவர் 1965-ல் வெளியிட்டனர். சிறு துளை வழியே குழாய் விட்டு உறையை அறுத்துத் தளர்த்தும் முறை நூற்றாண்டின் இறுதியில் பரவிற்று.

முறைகள் இவ்வாறு பெருகின. ஒன்றும் செய்யாவிடில் என்னவாகும் என்பதை அறிந்தாலன்றி எம்முறையின் பலனையும் அளக்க முடியாதல்லவா? இங்கிலாந்தில் ரீவ்ஸ் என்பவர் 41 நோயாளிகளைப் பல்லாண்டு பின்தொடர்ந்து 1975-ல் முடிவை வெளியிட்டார். நோய் வலி, இறுக்கம், தளர்வு என மூன்று கட்டங்களாகச் செல்கிறது. சராசரியாக 30 மாதம் நீடிக்கிறது என்றார். ‘தானே போய்விடும்’ என்ற பேச்சுக்கு இது அடிப்படை. ஆனால் 1992-ல் அமெரிக்காவில் 62 பேரைச் சராசரி ஏழாண்டுக்குப் பின் சோதித்தபோது, பாதிப்பேருக்குச் சிறிதளவேனும் வலியோ இறுக்கமோ எஞ்சியிருந்தது. போகும், முழுவதும் போகுமென்று சொல்வதற்கில்லை.

இன்னொரு சோதனை நம்மவர் கவனிக்க வேண்டியது. 2004-ல் நெதர்லாந்தில் 77 பேரைக் கொண்டு நடந்தது. ஒரு சாராருக்கு வலியை மீறிக் கையை இழுத்து நீட்டும் கடும் பயிற்சி. மற்றச் சாராருக்கு நோயின் போக்கை விளக்கி, வலிக்காத அளவுக்கு மட்டும் அசைக்கச் சொல்லிவிட்டனர். இரண்டாண்டு முடிவில் பின்னவருள் 89 விழுக்காட்டினர் நல்ல நிலையை எட்டினர். கடும் பயிற்சி பெற்றவருள் 63 விழுக்காட்டினரே எட்டினர். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரிக்காததால் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. எனினும், நோயாளி அலறும்வரை பிடித்து முறுக்கினால்தான் வைத்தியம் என்று நினைப்பவர், அவர் தைலக்காரராயினும் ஆஸ்பத்திரி உடற்பயிற்சியாளராயினும், சற்று நிதானிக்க வேண்டும்.

இனி நீண்டநாள் இறுகிய தோளுக்கு உரிய பெரிய சோதனை. பிரிட்டனில் 35 மருத்துவமனைகளில் 503 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்து நடந்த இதன் முடிவு 2020-ல் ‘லான்செட்’ ஏட்டில் வெளிவந்தது. ஒரு பகுதிக்கு மயக்கத்தில் திருப்புதல். ஒரு பகுதிக்குக் குழாய் வழியே உறையை அறுத்தல். ஒரு பகுதிக்கு ஊசியும் ஒழுங்கான உடற்பயிற்சியும். ஓராண்டு கழித்து, 48 முழு மதிப்பெண்ணாகக் கொண்ட அளவுகோலில் முறையே 38, 40, 37 என்ற அளவில் கிடைத்தன. நோயாளி தம் அன்றாட வாழ்வில் உணரத்தக்க வேறுபாடு இல்லை என்பதே இதன் பொருள். கடுமையான தீங்கு பத்து நேர்ந்தன. அவற்றுள் எட்டு அறுவை செய்துகொண்டவர்களுக்கு, இரண்டு மயக்கத்தில் திருப்பப்பட்டவர்களுக்கு. ஊசியும் பயிற்சியும் பெற்றவர்கள் காத்திருக்காமல் விரைவில் சிகிச்சை தொடங்கினர். ஆனால் பின்னர் வேறு சிகிச்சையை நாடியவர் அவர்களுள் அதிகம். அறுவை பெற்றவர்களுக்கு அந்தத் தேவை குறைவு. பிரிட்டனின் செலவுக் கணக்கில் மயக்கத்தில் திருப்புதலே ஏற்புடையதாயிற்று.

ஆகவே இங்கே ‘மிகச் சிறந்த வைத்தியம்’ என்ற ஒன்று இல்லை. நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, நோயாளி எவ்வளவு காலம் பொறுப்பார், எந்த அபாயத்தை ஏற்பார் என்பவையே தேர்வைத் தீர்மானிக்கின்றன. வலி உச்சத்தில் இருக்கும் தொடக்கத்தில் ஊசி நன்கு உதவும். வலி அடங்கி இறுக்கம் மட்டும் நிற்கும்போது அதன் பயன் குன்றும். திருப்புதலில் அரிதாக எலும்பு முறியலாம், தசைநார் கிழியலாம். அறுவையில் உறைக்கு அருகே செல்லும் நரம்பு ஊறுபடலாம். பல மாதம் ஊசியும் பயிற்சியும் செய்தும் அசையாத தோளுக்குத்தான் இவ்விரண்டும் பேசப்பட வேண்டியவை.

பினாங்கிற்குத் திரும்புவோம். பல முறைகள் அருகருகே வாழ்வது இத்தீவுக்குப் பழக்கமானதே. பெரிய ஆஸ்பத்திரியின் தொடக்கம் 1854-ல் முன் ஆ பூ என்ற சீனர் ஏழைகளுக்கென அமைத்த மருத்துவமனை. 1883-ல் தோன்றிய லாம் வா ஈ மருத்துவமனை சீன மருந்தை ஏழைகளுக்கு இலவசமாக வழங்கவே நிறுவப்பட்டது. இன்று அங்கே மேனாட்டு முறையும் சீன முறையும் உள்ளன. மஞ்சூரியாவில் 1910-11-ல் கொள்ளை நோயை அடக்கிய வூ லியன் தே இவ்வூரில் 1879-ல் பிறந்தவர்; மேனாட்டு மருத்துவம் கற்ற அவரே சீன மருத்துவ வரலாற்றை வோங் என்பவரோடு சேர்ந்து 1932-ல் ஆங்கிலத்தில் எழுதினார். 2007-ல் அரசாங்க மருத்துவமனைகளுள் முதன்முதலாகப் பாரம்பரிய மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டதும் இம்மாநிலத்துக் கப்பளா பத்தாஸ் மருத்துவமனையில்தான். நாட்பட்ட வலிக்கு மலாய்ப் பிடிப்பு முறையும் சீன ஊசி குத்தும் முறையும் அங்கே இடம் பெற்றன. 2016-ல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி இந்திய, சீன, மலாய்ப் பாரம்பரிய வைத்தியர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டியவராயினர். வைத்தியரிடம் பதிவு உண்டா என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ண வேண்டியதில்லை. இத்தகைய முறைகளால் வலி தணிந்து இதமாக இருப்பதாகப் பலர் கூறுகின்றனர். சுருங்கிய உறையை அவை விரிக்கும் என்பதற்குப் போதிய சான்று இன்னும் வரவில்லை.

தமிழர்க்கு இந்நோயில் தனிக் கவலை ஒன்று உண்டு. நீரிழிவு உடையவரை இது மற்றவரினும் பன்மடங்கு மிகுதியாகப் பற்றுகிறது, நீடிக்கிறது, எந்தச் சிகிச்சைக்கும் எளிதில் இணங்குவதில்லை. தைராய்டுக் கோளாறு உடையவருக்கும் ஓரளவு இது பொருந்தும். 2019-ல் நடந்த மலேசியத் தேசியச் சுகாதார ஆய்வில் வயதுவந்தோருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு காணப்பட்டது. இந்தியரை மட்டும் எடுத்தால் அது 31.4 விழுக்காடு. மூன்று பேரில் ஒருவர் என்னும் அளவை நெருங்கிவிட்டது. சர்க்கரை இருப்பதை அறியாமலே தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பவர் எத்தனை பேரோ! காரணமின்றித் தோள் இறுகினால் முதலில் இரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பது எல்லாத் தேர்வுக்கும் முந்திய தேர்வு. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளியில் முடியும் காரியம் அது.

நீரிழிவுக்காரர் ஊசி போட்டுக்கொள்ளலாகாது என்பதில்லை. ஆனால் அம்மருந்து சில நாட்களுக்குச் சர்க்கரையை உயர்த்தும். ஆதலால் போடுமுன் மருத்துவரிடம் தம் நிலையைச் சொல்லி, போட்டபின் நாள்தோறும் அளந்து பார்க்க வேண்டும். ஒருமுறை குணமான தோள் மறுபடி இறுகுவது அரிது. மற்றத் தோளுக்கு அந்த உறுதி இல்லை. சில ஆண்டுகளுக்குள் அதுவும் பிடித்துக்கொள்வதுண்டு, நீரிழிவுக்காரருக்குச் சற்று மிகுதியாகவே.