பால்வீதியின் நடுவே ஒரு கருந்துளை

கேரளத்தின் பாலக்காட்டு எல்லையில், பொள்ளாச்சிக்கு அணித்தாய் அமைந்தது மீனாட்சிபுரம். அங்கும் பிற மாநிலங்களிலும் வாழும் நாம், நம் சிறுவர்க்கு அறிவியலைத் தமிழில் சொல்ல இயலுமோ என ஐயுறுகிறோம். பால்வீதியின் நடுவிலுள்ள கருந்துளையின் வரலாற்றைச் சொல்லிப் பார்ப்போம்.

வைகாசி மாதத்தில் நள்ளிரவு கடந்தபின், தென்வானில் மூல நட்சத்திரத்தை அடுத்த தனுசு ராசிப் பகுதியைச் சுட்டிக் காட்டலாம். நடு அத்திசையிலேயே உள்ளது. கடல் கடந்த வானொலித் தொலைபேசியில் குறுக்கிட்ட இரைச்சலை ஆராய்ந்த அமெரிக்கப் பொறியாளர் கார்ல் ஜான்ஸ்கி, அதில் ஒரு பகுதி அத்திசையிலிருந்து வருவதாக 1933-இல் அறிவித்தார். 1974-இல் பாலிக், பிரவுன் என்னும் இருவர், அங்கே மிகச் சிறியதொரு வானொலி ஊற்றைக் கண்டனர்.

ஒளியையும் வெளிவிடாத பொருளை அறிவது எங்ஙனம்? இருளில் செக்கு தெரியாவிடினும், மாட்டின் கொம்பில் கட்டிய விளக்கு சுற்றிவருவது கண்டு நடுவே செக்கு உண்டென்று உணர்வோம் அன்றோ? அவ்வாறே ரைன்ஹார்ட் கென்செல், ஆண்ட்ரியா கெஸ் ஆகியோரின் குழுக்கள் விண்மீன்களின் ஓட்டத்தைப் பல்லாண்டுகள் அளந்தன. ஒரு விண்மீன் 16 ஆண்டுகளில் ஒரு சுற்றை முடித்தது. நடுவிலுள்ள பொருளின் நிறை சூரியனைப் போல் சுமார் 40 லட்சம் மடங்கு எனத் தெரிந்தது. இவ்விருவரும் 2020-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். 2022 மே 12-இல் அதன் நிழலுருவப் படம் வெளியாயிற்று.

அது நம்மை விழுங்கிவிடுமோ என்று குழந்தைகள் அஞ்சலாம். ஒளியே அங்கிருந்து நம்மை அடைய ஏறத்தாழ 26,000 ஆண்டுகள் ஆகும். அதனால் நமக்குத் தீங்கில்லை.

இவ்வரலாற்றில் நம்மவர் ஒருவரும் உண்டு. 1910-இல் லாகூரில், உத்தியோகத்தின் பொருட்டு அங்குச் சென்ற தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் சந்திரசேகர். சுடர் அவிந்த விண்மீன் வெண்குறுமீனாய் நிலைபெற நிறைவரம்பு உண்டென்று 1930-இல் கணித்தார். 1935-இல் எடிங்டன் அதனைப் பொதுவில் எள்ளினார். ஆயினும் கணக்கு நிலைத்தது. கருந்துளை ஆய்வுக்கு வழி திறந்தது. அவருக்கு நோபல் பரிசு 1983-இல் கிட்டியது. அவருடைய அன்னையார் சீதாலட்சுமி, இப்சனின் நாடகமொன்றைத் தமிழாக்கியவர்.

வேற்று மாநிலத்து வீட்டிலும் தமிழும் அறிவும் ஒருங்கே வளர்ந்தன. நம் வீடுகளிலும் அவை வளரட்டும்.