நாற்பது நாட்களும் தாயின் கரங்களும்

பிள்ளை பெற்ற பெண்ணுக்கு உதிரம் நிற்கும்வரை தொழுகை இல்லை. ஆதலின் தொழுகைக்கான உளூவும் இல்லை. நிஃபாஸ் எனும் இக்காலத்தின் உச்ச எல்லை ஹனஃபி மத்ஹபில் 40 நாட்கள். ஷாஃபிஈ மத்ஹபில் 60 நாட்கள். இது மார்க்கம் அவளுக்கு அளித்த சலுகை. ஆயினும், நாள்தோறும் ஐந்து வேளை கை கழுவிப் பழகிய ஒருத்தி, பச்சிளங்குழந்தையை ஏந்தும் நாட்களிலேயே அப்பழக்கத்தை இழக்கிறாள் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

கோவையிலும் சுற்றியுள்ள கொங்கு ஊர்களிலும் வாழும் இராவுத்தர்களும் உருது பேசுவோரும் பெரும்பாலும் ஹனஃபிகளே. தமிழகத்தின் பிற வீடுகளைப் போன்றே இவர்தம் இல்லங்களிலும், 'பச்சை உடம்பு, தண்ணீரில் கை வைக்காதே' என மூத்த பெண்கள் தடுப்பதுண்டு. அன்பினால் எழுந்த தடைதான். எனினும் உளூ நின்ற இடத்தில் கைகழுவலும் நின்றுபோக அது வழிவகுக்கிறது.

கை கழுவாமையின் விலையை வரலாறு நமக்குக் காட்டியிருக்கிறது. வியன்னா பொது மருத்துவமனையின் பேறுகாலப் பகுதி இரு பிரிவுகளாக இயங்கியது. 1846இல் மருத்துவ மாணவர் பயின்ற முதற்பிரிவில் தாய்மார் இறப்பு 11 சதவீதத்தைத் தாண்டியது. மருத்துவச்சிகள் பயின்ற இரண்டாம் பிரிவிலோ 3 சதவீதத்துக்கும் குறைவு. பிணங்களை அறுத்த கைகளோடு மாணவர் பேறு பார்க்க வந்ததே காரணம் என இக்னாஸ் செம்மல்வைஸ் கண்டார். 1847இல் குளோரின் கலந்த நீரில் கை கழுவுமாறு பணித்தார். 1848இல் முதற்பிரிவின் இறப்பு ஏறத்தாழ 1.3 சதவீதமாகச் சரிந்தது. அக்கால மருத்துவர் பலர் அதனை ஏற்க மறுத்தனர். 1865இல் அவர் மறைந்தார்.

தாயின் கை குறித்த சான்று நம் காலத்தது. தெற்கு நேபாளத்தில் 23,000க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைக் கவனித்த ஆய்வொன்று 2008இல் வெளியாயிற்று. குழந்தையைத் தொடுமுன் கை கழுவியதாகக் கூறிய தாய்மாரின் பிள்ளைகளிடையே இறப்பு அபாயம் 44 சதவீதம் குறைந்திருந்தது.

உளூவை மருத்துவமாக்கிப் பெருமை பேசுவது நம் நோக்கமன்று, அது வணக்கம். எனினும் துயில் எழுந்தவர் பாத்திரத்தில் கையிடுமுன் கழுவிக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை புகாரியும் முஸ்லிமும் பதிந்துள்ளனர். அவ்வொழுங்கு தொழுபவருக்கு மட்டும் உரியதன்று. மாதவிடாய்ப் பெண் தொழுகை நேரங்களில் உளூச் செய்து தன் தொழுமிடத்தில் அமர்ந்து இறைவனைத் துதிப்பது விரும்பத்தக்கது என ஹனஃபி சட்ட அறிஞர் கூறினர். பழக்கம் விட்டுப்போகலாகாது என்பதே அவர்தம் கருத்து. 17ஆம் நூற்றாண்டில் அவுரங்கசீப் தொகுப்பித்த ஃபதாவா ஆலம்கீரியிலும் இது இடம்பெற்றுள்ளது. ஷாஃபிஈ அறிஞர் இதனை ஏற்கவில்லை. ஆனால் தூய்மைக்காகக் கை கழுவுவதை எந்த மத்ஹபும் தடுக்கவில்லை.

பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாதெனில் வெந்நீர் ஆகும். தொட்டிலருகே ஒரு செம்பு வெந்நீரும் சோப்பும் இருக்கட்டும். பாலூட்டுமுன்னும், குழந்தையின் மலம் துடைத்த பின்னும், தான் கழிப்பறை சென்று வந்த பின்னும் தாய் கை கழுவட்டும். ஏழாம் நாள் அகீகாவுக்கு வந்து குழந்தையை வாரியெடுக்கும் நாமும் அவ்வாறே செய்வோமாக. தொழுகைக்குத்தான் அவளுக்கு விடுமுறை, தூய்மைக்கு அன்று.