மேல்நிலை வகுப்பில் திரைப்படக் கல்வி

பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் திரைப்படத்தைப் பாடமாகப் பயில்வது மேல்நிலைத் திரைப்படக் கல்வி. இங்கிலாந்தில் இந்த வயதினர் ஏ லெவல் தேர்வுக்கு இதைத் தனிப்பாடமாகவே எடுக்கலாம். எடுக்வாஸ் தேர்வு வாரியத்தின் திட்டத்தில் எழுத்துத் தேர்வுக்கு 70 விழுக்காடு. மாணவர் தாமே எடுக்கும் குறும்படத்துக்கோ எழுதும் திரைக்கதைக்கோ 30 விழுக்காடு. சி.பி.எஸ்.இ. மேல்நிலை வகுப்புகளில் ஊடகவியல் என்ற விருப்பப்பாடத்துக்குள் சினிமாவும் வரும். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் அப்படி ஒரு பிரிவு கிடையாது. விருதுநகர் மாவட்டம் திருச்சுழி வட்டாரத்தில் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கு சினிமா தமிழ்ப் புத்தகத்தின் வழியாகத்தான் பாடமாகிறது.

2019-இல் வெளிவந்த பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தமிழ் நூலின் ஆறாம் இயலில் ‘திரைமொழி’ என்ற உரைநடைப் பாடம் உள்ளது. சுஜாதா, செழியன், அம்ஷன் குமார் ஆகியோரின் நூல்களிலிருந்து தொகுக்கப்பட்டது. ஷாட், காட்சி, படத்தொகுப்பு ஆகியவற்றை எளிய தமிழில் விளக்குகிறது. லூமியர் சகோதரர்களையும் ஊர் ஊராகப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட்டையும் அறிமுகப்படுத்துகிறது. ‘டுலெட்’ இயக்கிய செழியன் பக்கத்து மாவட்டமான சிவகங்கையைச் சேர்ந்தவர். அம்ஷன் குமாரின் ‘ஒருத்தி’ (2003) கி. ராஜநாராயணனின் ‘கிடை’ குறுநாவலிலிருந்து எடுத்த படம். ஆக, கரிசல் மண் இந்தப் பாடத்துக்கு அந்நியமே அல்ல.

பாடத்தின் உயிர்நாடி குலஷோவ் விளைவு. 1920-ஐ ஒட்டி ரஷ்ய இயக்குநர் லெவ் குலஷோவ் செய்த சோதனை இது. நடிகர் இவான் மொசூகினின் சலனமற்ற முகத்தை எடுத்து, அதன் அருகே ஒருமுறை சூப் கிண்ணத்தையும் அடுத்து சவப்பெட்டியையும் பிறகு ஒரு பெண்ணையும் ஒட்டினார். முகம் மாறவே இல்லை. ஆனால் பார்த்தவர்கள் பசி, துயரம், ஆசை என்று மூன்று நடிப்பைக் கண்டு வியந்ததாகச் சொல்வார்கள். இரண்டு காட்சிகள் சேரும்போது இரண்டிலும் இல்லாத மூன்றாவது பொருள் பிறக்கிறது.

இதே இயலில் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் சிலப்பதிகார அரங்கேற்று காதையும் இருப்பது பெரிய வாய்ப்பு. நகை, அழுகை முதலிய எட்டு மெய்ப்பாடுகளும் உடலில் வெளிப்படுவதை ஒரு பாடம் சொல்கிறது. வெறும் முகத்தில்கூடப் பார்ப்பவர் மனமே மெய்ப்பாட்டை ஏற்றிவிடும் என்று இன்னொன்று சொல்கிறது. இரண்டையும் ஒரே வகுப்பில் எதிரெதிரே வைத்துப் பேசவேண்டும். தனித்தனி நெடுவினாவாக மனப்பாடம் செய்ய விட்டால் இரண்டுமே வீண்.

குலஷோவின் அந்தப் படச்சுருள் இன்று கிடைப்பதில்லை. ஆகவே செய்து பார்ப்பதே வழி. ஒரு செல்பேசி போதும். திருச்சுழி பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவரின் முகத்தை, அவர் சம்மதத்தோடு, சில நொடி எடுக்கலாம். அடுத்து வெடித்துக் கிடக்கும் கண்மாய். வேறொரு துண்டில் புகையும் கரிமூட்டம். இன்னொன்றில் குண்டாற்றில் வரும் புதுத்தண்ணீர். ஒவ்வொன்றையும் அந்த முகத்தோடு சேர்த்துப் போட்டுக் காட்டினால், சீமைக்கருவேலங்காட்டுப் பிள்ளைக்கு விளக்கவுரை தேவைப்படாது. அரசுப் பள்ளி உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகள் இதற்குத் தாராளம். ஆனால் மொழித்தாள் தேர்வில் செய்முறைக்கு மதிப்பெண் இல்லை. படம் பார்க்காமலே ‘திரைமொழி’யில் முழு மதிப்பெண் வாங்கலாம் என்பது இந்த ஏற்பாட்டின் பெருங்குறை.

பள்ளிக் கல்வித்துறை 2022-இல் தொடங்கிய சிறார் திரைப்படத் திட்டம் குறையின் ஒரு பாதியைத் தீர்க்கிறது: சாப்ளினின் ‘தி கிட்’டில் தொடங்கி, படத்தைத் திரையிட்டு, பிறகு அதைப் பற்றிப் பேசவைக்கிறார்கள். ஆனால் அது ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரைக்கும்தான்.

விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த ‘வெயில்’ (2006) திரைப்படத்தை இங்கே குறிப்பிட வேண்டும். வசந்தபாலன் இயக்கிய இப்படத்தில், பள்ளிக்கு மட்டம் போட்டு சினிமா பார்க்கப் போன மகனைத் தகப்பன் கொளுத்தும் வெயிலில் கட்டிப்போடுகிறான். வீட்டைவிட்டு ஓடும் பையன் ஒரு தியேட்டரில் ஒதுங்கி ஆபரேட்டராகிறான். சினிமா பற்றியும் இந்த வறண்ட நிலம் பற்றியும் ஒருசேரப் பேசும் இப்படம் தமிழுக்கான தேசிய விருது பெற்றது. ‘திரைமொழி’ நடத்தும் ஆசிரியருக்கு இதைவிடப் பொருத்தமான துணைப்பாடம் அமையாது.

பிளஸ் டூ முடித்துச் சினிமாவை மேலும் படிக்க விரும்புபவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மதுரை முதலிய ஊர்க் கல்லூரிகளில் காட்சித் தொடர்பியல் பட்டப்படிப்பு. மற்றது, சென்னை தரமணியிலுள்ள அரசு திரைப்படக் கல்லூரி. சென்ட்ரல் பாலிடெக்னிக்கில் 1945-இல் ஒரு பிரிவாகத் தொடங்கிய இந்நிறுவனம், 1977-இல் அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்று முதலமைச்சரான எம்.ஜி.ஆர். பெயரைத் தாங்கியிருக்கிறது. ஒளிப்பதிவு, இயக்கம், படத்தொகுப்பு, ஒலிப்பதிவு போன்ற பிரிவுகளில் நான்காண்டு காட்சிக்கலைப் பட்டம் அங்கே வழங்கப்படுகிறது.