பள்ளிக்கூட மதிலும் ஆங்கில ஹாஸ்ய நாவலும்

1857-இல் தாமஸ் ஹியூஸ் எழுதிய 'டாம் பிரௌனின் பள்ளி நாட்கள்' முதலாக வளர்ந்துவந்த ஆங்கிலப் பள்ளிக்கதை மரபு, ஹாஸ்ய எழுத்தாளர் வுட்ஹவுஸின் இளமைப் படைப்புகளில் கிரிக்கெட்டும் குறும்புமாகக் கனிந்து, 1908 முதல் 'மேக்னட்' என்னும் சிறுவர் வார இதழில் பிராங்க் ரிச்சர்ட்ஸ் என்ற புனைபெயரில் சார்லஸ் ஹாமில்டன் எழுதிக் குவித்த, பில்லி பண்டர் என்னும் பள்ளி மாணவனைப் பற்றிய கதைகளில் வெகுஜனங்களின் சொத்தாகிவிட்டது. அவ்விதழ் நடந்த காலத்திற்குள் ஒரு மகாயுத்தம் வந்து போயிற்று. 1926-இல் பொது வேலைநிறுத்தமும் நடந்தது. பண்டரோ, தனக்கு வரவேண்டிய தபால் பணம் இன்னும் வந்து சேரவில்லையென்று சொல்லி, தின்பண்டத்திற்குக் கடன் கேட்டுக்கொண்டேயிருந்தான்.

இக்கதைகளில் தொழிற்சங்கமோ வேலையில்லாத் திண்டாட்டமோ தலைகாட்டுவதே இல்லையென்று 1940-இல் ஜார்ஜ் ஆர்வெல் கடுமையாகக் கண்டித்தார். துன்பம் எப்படியும் வரத்தான் போகிறது, அதுவரையிலாவது பையன்கள் சந்தோஷமாக இருக்கட்டுமே என்ற கருத்துப்பட ரிச்சர்ட்ஸ் அதே ஆண்டில் பதிலளித்தார். சரித்திர நோக்கில் ஆர்வெல் கூறியதே நியாயமெனினும், கொள்கைப் பிடிவாதத்தால் எழுதப்படும் கதையில் சிரிப்பு முதற்பக்கத்திலேயே செத்துப்போகும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

சமூகக் கொந்தளிப்பு பள்ளிக்கூட மதிலைத் தாண்டியது கொள்கையின் மூலமாக அன்று, தகப்பன்மாரின் மூலமாகவே என்பது என் துணிபு. 1982-இல் சூ டௌன்சென்ட் வெளியிட்ட ஏட்ரியன் மோல் என்னும் கற்பனைச் சிறுவனின் நாட்குறிப்பில், தந்தை வேலையிழந்த வீட்டில், முகப்பருவையும் காதலையும் பற்றிய விசாரங்களுக்கிடையே அக்காலத்து அரசியல் தானாகவே வந்து அமர்ந்துகொள்கிறது. பையன் நடத்தும் புரட்சியோ, பள்ளி விதியை மீறிச் சிவப்புக் காலுறை அணிவதுதான்!

இந்த வளர்ச்சி முழுமை பெற்றது 2001-இல் ஜானதன் கோ எழுதிய 'தி ராட்டர்ஸ் கிளப்' நாவலில். வுட்ஹவுஸின் பெயரால் வழங்கப்படும் ஹாஸ்ய இலக்கியப் பரிசு அவ்வாண்டு இதற்கே கிடைத்தது. களம், 1970-களின் பர்மிங்ஹாம். ஒரே பள்ளியில் பயிலும் பெஞ்சமினும் டக்கும் நண்பர்கள். முன்னவனுடைய தந்தை லாங்பிரிட்ஜ் மோட்டார் தொழிற்சாலையில் நிர்வாகத்தைச் சேர்ந்தவர், பின்னவனுடைய தந்தையோ அதே தொழிற்சாலையில் தொழிற்சங்கப் பிரதிநிதி. ஆகவே வேலைநிறுத்தம் என்பது இந்தப் பிள்ளைகளுக்கு இரவுச் சாப்பாட்டு நேரத்தில் காதில் விழும் குடும்ப விவகாரம்.

ஆயினும் பெஞ்சமினுக்கு நேரும் மகா சங்கடம் வேறு. நீச்சலுடை கொண்டுவர மறந்தவன் நிர்வாணமாகவே நீந்தவேண்டும் என்பது அப்பள்ளியின் விதி. மறந்துபோன பெஞ்சமின், உடைமாற்றும் அறையில் கதிகலங்கிக் கடவுளைப் பிரார்த்திக்கிறான். அங்கிருந்த பெட்டியொன்றில் ஒரு நீச்சலுடை கிடைத்துவிடுகிறது. அந்தக் கணமே அவன் ஆஸ்திகனாகிவிடுகிறான். தேசம் தடுமாறும் காலத்தில் கடவுளின் கருணை ஒரு கால்சட்டைக்காகச் செலவாவதைக் கோ சிறிதும் கேலி செய்யாமல், பையனின் பயபக்தியோடேயே சொல்லிச் செல்வதால்தான் நமக்குச் சிரிப்பு பொங்குகிறது.

அவர் சிரிப்பை நிறுத்தவும் அறிந்தவர். 1974 நவம்பர் 21 அன்று பர்மிங்ஹாம் நகரின் இரண்டு மதுக்கடைகளில் குண்டுகள் வெடித்து 21 பேர் மாண்டனர். அவற்றுள் ஒன்றில்தான் பெஞ்சமினின் தமக்கை லோயிஸ் தன் காதலனுடன் அமர்ந்திருக்கிறாள். அவனோ விவாகப் பேச்சை எடுக்கும் தறுவாயில் இருக்கிறான். காதலன் மடிகிறான், அவள் சித்தம் கலங்கி மருத்துவமனையில் கிடக்கிறாள். இவ்விடத்தில் ஆசிரியர் ஹாஸ்யத்தின் துணையை நாடவேயில்லை என்பதையே நான் அவருடைய கலைத்திறனுக்குத் தலையாய சான்றாகக் கொள்கிறேன்.

நாவலின் இறுதிப் பகுதி, செக் எழுத்தாளர் பொஹுமில் ஹ்ரபாலின் தூண்டுதலால் பதின்மூவாயிரத்துக்கும் அதிகமான சொற்களைக் கொண்டு ஒரே வாக்கியமாக அமைந்தது. காதல் கைகூடிய களிப்பில் பெஞ்சமின் இனி உலகமே தன் பக்கம் என்று எண்ணி மூச்சுவிடாமல் சிந்தித்துக்கொண்டே போகிறான். காலமோ, மார்கரெட் தாட்சரை ஆட்சிபீடத்தில் ஏற்றிய 1979 மே மாதத் தேர்தல் காலம். முற்றுப்புள்ளி எங்கே விழப்போகிறது என்பது வாசகனுக்குத் தெரியும், பெஞ்சமினுக்குத் தெரியாது.