தோலில் ஒளிந்திருந்த கிருமி: 2011இன் பாடம்

"தோலைச் சாப்பிடுவதில்லையே சேர், பிறகு ஏன் பழத்தைக் கழுவ வேண்டும்?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இதற்குப் பதில் 2011ஆம் ஆண்டின் வரலாற்றில் இருக்கிறது.

அவ்வருடம் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஜென்சன் பண்ணையின் முலாம்பழங்களில் லிஸ்டீரியா எனும் பக்டீரியா தொற்றியிருந்தது. 28 மாநிலங்களில் 147 பேர் நோயுற்றனர். 33 பேர் மரணித்தனர். ஒரு தாயின் கரு கலைந்தது. பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலானோர் முதியவர்கள்.

அதிகாரிகள் பொதியிடும் இடத்தைச் சோதித்தனர். தரையில் நீர் தேங்கியிருந்தது. முன்னர் உருளைக்கிழங்குக்குப் பயன்படுத்திய, சுத்தம் செய்யக் கடினமான இயந்திரம் அங்கிருந்தது. வயலின் சூடு தணியுமுன்னே பழங்கள் குளிரறைக்குள் போயிருந்தன. பண்ணையை நடத்திய சகோதரர் இருவருக்கும் 2014இல் ஐந்து வருட நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை கிடைத்தது.

முலாம்பழத் தோல் சொரசொரப்பானது. கிருமி அதில் ஒட்டிக்கொள்ளும். வெட்டும்போது கத்தி அதைச் சதைக்குள் கொண்டுபோகும். லிஸ்டீரியா பிரிஜ்ஜின் குளிரிலும் பெருகும்.

ஆகவே, வெட்டுமுன் முழுப் பழத்தையும் ஓடும் நீரில் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். கை, கத்தி, பலகையையும் கழுவுங்கள். இப்தாருக்கென்று அஸருக்கு முன்பே வெட்டி வெளியில் வைக்காதீர்கள். இரண்டு மணித்தியாலம் கடந்தால் ஆபத்து. கர்ப்பிணிகளும் முதியவர்களும் உள்ள வீடுகளில் கூடுதல் கவனம் தேவை.

அங்கே 33 குடும்பங்கள் இழந்தது உயிர்களை. நமக்குச் செலவாவது ஒரு நிமிடமும் கொஞ்சம் தண்ணீரும்தான்.